ஆபத்தான கட்டடம் என்று யார் சொல்வது?

பிள்ளைகளே,

உங்களோடு சேர்ந்து நகரமைப்புப் பிரிவில் வேலைக்கு வந்திருக்கும் தேன்மொழி என் மகள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, பழைய கட்டடங்களைக் காப்பாத்த விதி எழுதச் சொல்லி எங்க செட்டுகிட்ட குடுத்திருக்காங்க. நீ பார்த்த வேலைதானே, எங்க எல்லாருக்குமா ஒருக்கா எழுதிக் குடேன்" என்றாள்.

விதி எழுதுகிற படிப்பு எனக்கு இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தேன், கள உதவியாளராக ஓய்வு பெற்றேன். ஆனால் அலுவலகத்தில் எழுதின வாக்கியம் தெருவுக்குப் போனபிறகு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதில் ஒரு மழைக்காலத்தை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குத் தூண் போட்டுக்கொண்டிருந்த சமயம். ஊரெல்லாம் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடையாறு பக்கம் ஒரு பழைய பங்களா, வளைவு வளைவாகத் தாழ்வாரம் வைத்தது, தொடர்ந்து வந்த விடுமுறை நாட்களில் தரைமட்டமாகிவிட்டது. நாங்கள் ஜீப்பில் போய் இறங்கினோம். இடித்தவரை ஒரு வார்த்தை கேட்க எங்கள் கையில் ஒரு விதியும் இல்லை. அவருக்கும் அது தெரியும். வெயிலில் வந்திருக்கிறோமே என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

அந்த மோர்தான் எங்கள் அதிகாரியை உறுத்திவிட்டது. பெயர் சொல்ல வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அவர் மேடம். வயதில் என்னைவிடச் சின்னவர். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களுக்கு மட்டுமாவது ஒரு விதி வேண்டும் என்று உட்கார்ந்து வரைவு எழுதினார். அதில் இரண்டு பிரிவுகளை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, பட்டியலில் உள்ள பழைய கட்டடத்தில் அனுமதி பெறாமல் எந்த வேலையும் செய்யக்கூடாது. இரண்டு, கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகப் பொறியாளர் சான்று கொடுத்தால் இடித்துக்கொள்ளலாம். இந்தச் சான்று ஏற்கெனவே வழக்கத்தில் இருந்ததுதான். இரண்டுமே நல்ல எண்ணத்தில் எழுதியவை. மனிதர்கள் தலையில் கூரை விழட்டும், கட்டடம்தான் முக்கியம் என்று யாராவது எழுதுவார்களா?

வரைவை மக்களிடம் படித்துக் காட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். பாதிப் பேர் டீ முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மட்டும் கடைசிவரை இருந்தார். பெயர் சலீம். கச்சேரி ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் தம்பி. அவர்கள் வீடு எங்கள் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருந்தது. மாடியில் மரத் தாழ்வாரம், கீழே பெரிய கூடம், தேக்குத் தூண்கள். தெருவிலேயே பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றுகிற வீடு.

சலீம் எழுந்து, "ஆபத்தான கட்டடம்னு யாரு மேடம் சொல்லணும்? எத்தினி நாள்ல சொல்வாங்க? அவங்க வந்து பாக்கறப்போ எப்பிடி இருந்தா ஆபத்து?" என்று வரிசையாகக் கேட்டார். மேடம் சந்தோஷமாக ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். ஒருவராவது பிரிவு பிரிவாகப் படித்திருக்கிறாரே என்று எங்களுக்கு நிம்மதி.

திரும்பும்போது ஜீப் ஓட்டிய ஏழுமலை சொன்னான். "பிஸ்கட்டு தீர்ந்தப்பறமும் குந்திக்கினு கேள்வி கேட்டாரு பாரு சார், அவருக்குத்தான் வூட்டு மேல நெஜமான பாசம்."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

ஐப்பசியில் புயல் சின்னம் வந்து, விடாமல் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் மதியம் அலுவலகத்துக்கு போன். காதர் பாயின் மனைவி நூர்ஜஹான் பேசினார். "சார், கூடத்துல மேலேர்ந்து காரை கொட்டுது. டப்பு டப்புனு சத்தம் வேற வருது. பக்கத்துத் தெரு கொத்தனாரக் கூப்டலாம்னா இவரு வேணாங்கறாரு. உங்க பெர்மிசன் இல்லாம கை வெக்கக் கூடாதாமே?"

அந்த விதி இன்னும் வரவே இல்லை. வரைவுதான். கூட்டத்தில் படித்துக் காட்டியதை மனதில் வாங்கிக்கொண்டு, மனிதர் ஒழுகுகிற கூரையை அப்படியே விட்டிருக்கிறார்.

மேடம் கோட்டைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஏழுமலையைக் கூப்பிட்டுக்கொண்டு நான் போனேன். லஸ் முனையில் முழங்கால் அளவு தண்ணீர். ஜீப் படகு மாதிரி போனது.

கூடத்தில் நடுவில் பாய் விரித்துக் காதர் பாயும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சைதாப்பேட்டையில் தனியாகக் குடியிருந்த சலீமும் வந்து ஓரமாக நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கால மெட்ராஸ் கூரை எப்படியென்று உங்களுக்குத் தெரியும். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கி, மேலே சுண்ணாம்பு போட்டது. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தால் பல தலைமுறைக்கு நிற்கும். தண்ணீர் தேங்கினால் ஊறி, கனத்து, உத்தரத்தை அமுக்கும். சாப்பிடுகிறவர்கள் தலைக்கு நேர் மேலே ஓர் உத்தரம் விரிசல் விட்டுத் தொங்கலாக வளைந்திருந்தது.

"எல்லாரும் எழுந்து முன் ரூமுக்கு வாங்க."

"உக்காருங்க சார், ஒரு வாய் சாப்ட்டுட்டு..." என்றார் காதர் பாய்.

"தட்டோட வாங்க பாய். இப்பவே."

என் குரலில் என்ன இருந்ததோ, பிள்ளைகள் முதலில் எழுந்தார்கள். பாய் ரசக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடாமல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நான் மாடிப்படி பக்கம் போனேன்.

"மேல போவாதீங்க சார், வழுக்கும்" என்றார் சலீம்.

போனேன். மொட்டை மாடி குளமாக இருந்தது. கைப்பிடிச் சுவருக்குள் தண்ணீர் கட்டி நின்று, மழை அதில் கொப்புளம் கொப்புளமாக விழுந்துகொண்டிருந்தது. பின்பக்கச் சுவரில் தண்ணீர் வெளியேற இரண்டு தூம்பு உண்டு, அளவெடுக்க வந்தபோது பார்த்திருக்கிறேன். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டேன். சாக்கு. சுருட்டி, இறுக்கி, உள்ளே திணித்த கோணிச் சாக்கு. இழுத்தேன், வரவில்லை. திரும்பினால் சலீம் பின்னால் நனைந்துகொண்டு நிற்கிறார்.

"புடிங்க பாய்."

அவர் என் பக்கத்தில் குனிந்தார். கையை உள்ளே விட்டு, துழாவாமல், கீழ்முனையாகப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். சாக்கு வந்துவிட்டது. எந்த முனையை இழுத்தால் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதையும் அவரேதான் எடுத்தார். தண்ணீர் ஓவென்று பின்பக்கத் தோட்டத்தில் கொட்டியது.

படிக்கட்டு வளைவில் இறங்கும்போது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சார் வெச்சேன். சத்தியமா உள்ள புள்ளைங்க இருக்குதுங்கன்ற நெனப்பே வரல. கொஞ்சம் ஊறும், திங்கக்கெழம இன்ஜினியர் பாக்க வராரு, ஆபத்துன்னு எழுதிக் குடுத்துருவாருன்னுதான். இவ்ளோ பேயும்னு எனக்கின்னா தெரியும்?"

"இன்ஜினியருக்கு யாரு மனு போட்டது?"

"நான்தான். எனக்கும் பாதி உரிமை இருக்கே சார். ஆபத்துன்னு எழுதிட்டா அண்ணன் ஒத்துக்கினுதானே ஆவணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சைதாப்பேட்டைல ஒரே ரூம். அஞ்சு பேரு. என் பையன் பரீட்சைக்குப் படிக்கறதே சைதாப்பேட்டை ரயிலு ஸ்டேசன்லதான். அண்ணன விக்கலாம்னு கேட்டா, அத்தா கட்டின வூடுன்னுவாரு. சரின்னு பொறுத்துக்கினு இருந்தேன். இப்ப நீங்க வந்து எவனும் தொடக்கூடாதுன்னு சட்டம் போடறீங்க. அது வந்துட்டா இந்த வூட்ல எனக்கு ஒரு செங்கல்லுகூட வராது சார். பில்டரு ஆளுக்கொரு ஃப்ளாட் தரேன்றான். நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்குக் கோபம் தணியவில்லை. கீழே போய், "பாய், உங்க தம்பி பண்ண காரியத்தப் பாருங்க" என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அந்த வீடு அன்றைக்கே இரண்டாகியிருக்கும், வீட்டை விற்பதுதான் பிறகு ஒரே வழி. ஆனால் சும்மா விடவும் முடியாது. விரிசல் விட்ட உத்தரம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் அது, பேச்சு பிறகு என்று முடிவு செய்தேன். "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வாங்க. மேடம்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சலீமிடம் சொன்னேன்.

பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளே. நெருக்கடியில் யார் செய்தது என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். அதற்கு ஒரு நாள் பொறுக்கும். உத்தரத்துக்கு அடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி பொறுக்காது.

ஏழுமலையைப் பந்தல்காரரிடம் அனுப்பினேன். சவுக்குக் கம்புகளை ஜீப்பின் மேலே கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"எந்த வூட்டுக் கல்யாணம்னு கேட்டான் சார் பந்தல்காரன். வூட்டுக்கேதான்டா கல்யாணம், தாங்கிப் புடிக்க மாப்ள வேணும்னு சொல்லி இட்டாந்துட்டேன்."

நூர்ஜஹான் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். நாலு பேராகக் கம்புகளை நிறுத்தி உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். சலீம்தான் மற்றவர்களைவிட அதிகமாகத் தோள் கொடுத்தார். காதர் பாய், "பாத்துடா, கை நசுங்கிரும்" என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் இருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சலீம் வந்தார். மறைக்காமல் சொன்னார். மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசை மேலிருந்த வரைவை எடுத்து, அந்த இரண்டாவது பிரிவை வாய்விட்டுப் படித்தார்.

"வீட்டை எப்படிக் கொல்லணும்னு நானே எழுதி, மைக் வெச்சு வேற சொல்லியிருக்கேன்" என்றார் என்னைப் பார்த்து. பிறகு சலீமிடம், "உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல மேடம்."

"நாங்க சொல்ல மாட்டோம். நீங்கதான் சொல்லணும். அப்புறம் திங்கட்கிழமை நானும் வரேன்."

சலீம் அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லிவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குப் பிற்பாடு நூர்ஜஹான் அம்மாதான் சொன்னார். காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். கடைசியில், "சைதாப்பேட்டைல நீ எப்பிடி இருக்கேன்னு ஒருநாளும் நான் வந்து பாக்கலயேடா" என்றாராம்.

திங்கட்கிழமை பொறியாளர் வந்தார். நேர்மையான மனிதர், அதுதான் எங்களுக்குப் பயம். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"மேடம், உத்தரம் போயிடுச்சு. நான் ஆபத்துன்னுதான் எழுதணும். நாளைக்கு யாராவது செத்தா யாரு பதில் சொல்றது?"

"எழுதுங்க சார், நான் வேணாம்னு சொல்லல" என்றார் மேடம். "எது ஆபத்துன்னு எழுதுங்க."

"கட்டடம்."

"முழுசுமா?"

அவர் ஒரு கம்பை வாங்கி ஒவ்வோர் உத்தரமாகத் தட்டிக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சலீம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். விரிசல் விட்டதும் அதற்குப் பக்கத்தில் இருந்ததும் பொத் பொத்தென்று சத்தம் கொடுத்தன. மற்றவை கணீரென்றன.

"ரெண்டுதான்" என்றார் பொறியாளர். "மத்தது இன்னும் ரொம்ப காலம் நிக்கும். ஆனா ஃபார்ம்ல கட்டடம் ஆபத்தா, இல்லையான்னுதான் இருக்கு. பாதி ஆபத்துக்கு இடம் இல்லையே."

"ஓரத்துல எழுதினா யாராவது வேணாம்னு சொல்வாங்களா?"

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓரத்திலேயே எழுதினார். கூடத்தின் இரண்டு உத்தரங்கள் மட்டும் ஆபத்து, மாற்றினால் போதும், மற்ற பகுதி உறுதி. கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கும் இது இடிபடறதுல இஷ்டம் இல்ல மேடம். ஆனா எனக்கு நீங்க ரெண்டு கட்டம்தான் குடுத்திருக்கீங்க" என்றார்.

வீடு தப்பித்தது. ஆனால் சலீம் இன்னும் சைதாப்பேட்டையில்தான் இருந்தார். அதைத் தீர்க்காமல் விட்டால் அடுத்த மழைக்கு இன்னொரு வழி கண்டுபிடிப்பார் என்று மேடத்துக்குத் தெரியும். வீட்டின் பின்னால் அடுத்த தெருவரை நீளும் தோட்டம் இருந்தது. அங்கே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாமே என்றால், அப்போதிருந்த கட்டட விதி விடவில்லை. பக்கவாட்டில் இத்தனை அடி காலி இடம் வேண்டும் என்று கேட்டது. பழைய மயிலாப்பூர் வீடு சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியது, காலி இடத்துக்கு எங்கே போவது? முன்வீட்டை இடித்துவிட்டால் தாராளமாகக் கட்டலாம். இடிக்காமல் காப்பாற்றினால் ஒன்றும் கட்டக்கூடாது. நாங்கள் ஒரு பக்கம் இடிக்காதே என்று விதி எழுதுகிறோம், எங்கள் அலமாரியிலிருந்த இன்னொரு விதி இடி, இடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

முன்வீட்டை அப்படியே வைத்துக்கொள்வதாக இரண்டு சகோதரர்களும் எழுதிக்கொடுத்தால், பின்னால் கட்ட விதியைத் தளர்த்தலாம் என்று மேடம் கோப்பு எழுதி மேலே அனுப்பினார். தளர்த்த அதிகாரம் விதியிலேயே இருந்தது, இந்தக் காரியத்துக்கு யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கோப்பு போனது, கேள்வியோடு திரும்பி வந்தது, பதிலோடு மறுபடி போனது. இடையில் பில்டர் சலீமின் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். "ஃபைலை நம்பியா பாய் உக்காந்துருக்கீங்க?" என்று கேட்பாராம். சலீம் என்னிடம் வந்து, "சார், வருமா, வராதா? வராதுன்னாவது சொல்லிடுங்க" என்பார். எனக்கு என்ன தெரியும்? வரும் என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் வராதுன்னு சொல்லல பாய்" என்பேன். அதைப் பிடித்துக்கொண்டு போவார்.

உத்தரவு வந்த அன்று மேடம் அதை முழுதாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏழுமலையை வண்டி எடுக்கச் சொல்லுங்க" என்றார். தளர்வு கிடைத்துவிட்டது. அதுவரை என் தோள்களை இறுக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வரைவை மேடம் திருத்தி எழுதினார். ஆபத்து என்றால் எந்தப் பகுதி, சரிசெய்ய முடியுமா முடியாதா என்று சொல்ல வேண்டும். வேண்டுமென்றே சிதைத்தால் இடிக்கும் உரிமை போய்விடும். ஒழுகலை அடைக்க, பழுதை மாற்ற, வெள்ளையடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம். காப்பாற்றுகிறவருக்குப் பின்பக்கம் கட்ட இடம் உண்டு. அந்த வரைவு என் காலத்தில் விதியாகவில்லை. ஆனாலும் தளர்வு உத்தரவை முன்மாதிரியாகக் காட்டி வேறு சில வீட்டுக்காரர்களும் மனு கொடுத்தார்கள், சிலருக்குக் கிடைத்தது. நீங்கள் இப்போது எழுதப்போவதற்கு அது உதவுமானால் தேன்மொழியிடம் சொல்லுங்கள், என்னிடம் ஒரு நகல் இருக்கிறது.

எழுதி முடித்தபிறகு நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டு படியுங்கள். ஒருமுறை காதர் பாயாக, சொன்னதைக் கேட்டு நடக்கிறவராகப் படியுங்கள். அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறீர்களா என்று தெரியும். ஒருமுறை சலீமாகப் படியுங்கள். அவரைக் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு படித்தால் தண்டனை மட்டும்தான் எழுத வரும். ஒரே ரூமில் ஐந்து பேராக இருக்கிறவர் என்று நினைத்துப் படியுங்கள்.

பின்பக்க வீடு முடிகிற நேரத்தில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கூடத்தில் புது உத்தரங்கள் இரண்டும் மற்றவற்றைவிட வெளுப்பாகத் தெரிந்தன. சலீமின் பிள்ளைகளும் காதர் பாயின் பிள்ளைகளும் முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மூன்றாம் தடவை பிரியாணி போட்டுக்கொண்டிருந்தான். நூர்ஜஹான் அம்மா மேடத்திடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. சமையல் ரூம்ல தரை பள்ளமாயிருச்சு, தண்ணி நிக்குது. அந்தக் கல்ல மட்டும் மாத்தணும். அதுக்கு எங்க மனு குடுக்கணும்?"

"எங்கயும் வேணாம்மா. உங்க சமையல் ரூம். மாத்திக்குங்க."

"கேக்கவே வேணாமா?"

"கேக்கவே வேணாம்."

அந்த அம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினோம். உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சலீமு! அந்தக் கொத்தனாரப் போவ வுட்றாத! எனக்கு ஒரு வேலை இருக்கு!"